ஒன்றுக்குப் பொறி, ஒன்றுக்குப் பொரி

அயனாவரத்தில் ஆறு குடித்தனங்கள் இருந்த ஓட்டு வீடு அது. முன்கட்டில் வீட்டுக்காரர், பின்னால் வரிசையாக ஐந்து போர்ஷன்கள், நடுவில் கிணறு, கோடியில் ஒரு முருங்கை மரம். 1984-ல் அந்த வரிசையின் இரண்டாவது போர்ஷனில் அப்பா, அம்மா, பாட்டி, பத்து வயது அக்கா, எட்டு வயது தம்பி என்று ஐந்து பேர் இருந்தார்கள். எலிகளையும் சேர்த்தால் கணக்கு வராது.

ஓட்டு வீட்டில் எலிக்கு என்ன பஞ்சம்? உத்திரத்தில் ஓடும். அரிசி மூட்டையின் அடிப்பக்கத்தைக் குடையும். ராத்திரியில் பரணிலிருந்து பித்தளைச் சொம்பை உருட்டிவிட்டு எல்லோரையும் எழுப்பும். அடுப்பங்கரையைக் கழுவிவிட்ட பிறகு அம்மா செய்யும் கடைசி வேலை எலிப்பொறி வைப்பதுதான். மரப்பெட்டிப் பொறி. ஒரு பக்கம் கம்பி வலை, மறுபக்கம் விழும் கதவு, உள்ளே தொங்கும் கொக்கி. கொக்கியில் மசால்வடை மாட்ட வேண்டும் என்பது ஊரறிந்த சாஸ்திரம். தினம் வடை வாங்க யாரால் முடியும்? அம்மா ஒரு தேங்காய்ச் சில்லைத் தணலில் வாட்டி மாட்டுவாள். அந்த வாசனைக்கு எலி மட்டுமல்ல, தம்பியும் சமையலறைப் பக்கம் வருவான்.

நடுராத்திரி ‘டப்’ என்று கதவு விழும் சத்தம் கேட்டால் அம்மா புரண்டு படுப்பாள். விடிந்ததும் கிணற்றடியில் ஒரு பழைய இரும்பு வாளி. அது நிறையத் தண்ணீர். பொறியை அப்படியே அதில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, முகத்தை முருங்கை மரத்துப் பக்கம் திருப்பிக்கொள்வாள். “உள்ள போங்க ரெண்டு பேரும்” என்று பிள்ளைகளை விரட்டிவிடுவாள். போவது போலப் போய் அவர்கள் கதவிடுக்கில் நிற்பார்கள். அம்மாவின் உதடு முருகனைக் கூப்பிடும். பிறகு மூட்டையைப் பிரித்து அன்றைய அரிசியை அளப்பாள். அந்த வாளியை வேறு எதற்கும் யாரும் எடுப்பதில்லை.

இப்படிப்பட்ட வீட்டுக்குள்தான் இரண்டு எலிகள் ரயில் ஏறி வந்தன.

ஒவ்வொரு மே மாதமும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அப்பா மூர் மார்க்கெட்டுக்குப் போவார். அடுத்த வகுப்புப் பாடப் புத்தகங்கள் அங்கே பாதி விலைக்குக் கிடைக்கும். பெரம்பூரில் மின்சார ரயில் ஏறினால் சென்ட்ரல். சென்ட்ரலுக்குப் பக்கத்திலேயே அந்தச் செங்கல் கட்டடம். 1900-ல் திறந்த அங்காடி. பழைய புத்தகம், பழைய கடிகாரம், பழைய கிராமபோன், இவற்றுக்கு நடுவில் உயிரோடு கத்திக்கொண்டிருக்கும் புறா, கிளி, லவ் பேர்ட்ஸ், முயல். புத்தகக் கடையில் அப்பா அட்டை இல்லாத கணக்குப் புத்தகத்துக்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், தம்பி முயல் கூண்டுகளுக்குப் பக்கத்தில் ஒரு தகர டப்பாவின் முன்னால் உட்கார்ந்துவிட்டான். டப்பாவுக்குள் பஞ்சு உருண்டைகள் மாதிரி வெள்ளை எலிகள். சிவப்புக் கண். இளஞ்சிவப்பு வால். ஒன்று பின்னங்காலில் நின்று முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தது.

“சாதுப் பிராணி சார். கடிக்காது. ஜோடி ஆறு ரூபா” என்றார் கடைக்காரர்.

அப்பா, “ஆறா?” என்றார். பேரம் பேச ஆரம்பித்தாரே தவிர, வேண்டாம் என்று சொல்லவில்லை. அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் நாலரை ரூபாய்க்குப் படிந்தது. ஓட்டை போட்ட செருப்பு அட்டைப்பெட்டி ஒன்று கிடைத்தது. ரயிலில் பெட்டியை மடியில் வைத்திருந்தது அப்பாதான்.

வாசலில் அம்மா பெட்டியைத் திறந்து பார்த்தாள். மூடினாள்.

“நான் காசு கொடுத்து எலிப்பொறி வாங்கி வெச்சிருக்கேன். நீங்க காசு கொடுத்து எலியையே வாங்கிட்டு வந்திருக்கீங்க.”

அன்று ராத்திரி வரை அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. காப்பாற்றியது பாட்டி. பிள்ளையார் வாகனத்தை வாசலோடு திருப்பி அனுப்பலாமா என்று கேட்டாள். பிள்ளையார் வாகனம் மூஞ்சூறு அல்லவா, எலி இல்லையே என்றார் அப்பா. பாட்டி விடவில்லை, எல்லாம் ஒன்றுக்குள் ஒன்றுதான் என்றாள். உண்மையில் மூஞ்சூறுக்கும் எலிக்கும் உறவே கிடையாது. மூஞ்சூறு பூச்சி தின்னும் பிராணி. எலியைப்போல் ஓயாமல் வளரும் கொறிக்கும் பல் அதற்கு இல்லை. ஆனால் அந்த நேரத்தில் அதைச் சொல்லிப் பாட்டியின் தயவை இழக்க யாரும் தயாராக இல்லை.

அப்பா ஒரு கள்ளிப்பெட்டியை எடுத்து முன்பக்கம் கம்பி வலை அடித்துக் கூண்டு செய்தார். பக்கவாட்டில் சின்னக் கதவு, கதவுக்கு ஒரு கொக்கி. அடியில் மரம் அறுக்கும் மில்லிலிருந்து வாங்கிவந்த மரத்தூள். தண்ணீருக்கு மை பாட்டிலின் மூடி. எலிகளுக்குப் பேர் வைக்கும் பொறுப்பு அக்காவிடம் வந்தது. சமையலறை அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு வெள்ளைச் சாமான்களின் பெயரையே வைத்தாள். ஆண் சர்க்கரை. பெண் உப்பு.

கூண்டு சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில், அரிசி மூட்டையிலிருந்து பத்தடி தள்ளி வைக்கப்பட்டது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு தீனி வைக்க அம்மாவைத் தவிர ஆள் இல்லை. கை நிறையப் பொரி, கொஞ்சம் பொட்டுக்கடலை, சில நாள் ஊறவைத்த பச்சைப்பயறு. “எல்லாம் என் தலையெழுத்து” என்று சொல்லிக்கொண்டேதான் வைப்பாள். ஆக, ராத்திரி ஒரு எலிக்குப் பொறி வைத்த கை, காலையில் இன்னொரு எலிக்குப் பொரி வைத்தது. இதை முதலில் சொல்லிச் சிரித்தவர் அப்பா. அம்மா சிரிக்கவில்லை.

வெள்ளை எலி வளர்த்தவர்களுக்குத்தான் அந்தச் சுகம் தெரியும். உள்ளங்கையில் வைத்தால் எடையே இருக்காது; இருபது முப்பது கிராம்தான். ஆனால் அதன் நெஞ்சு துடிப்பது கையில் தெரியும். சட்டைக் கைக்குள் நுழைந்து தோள்பட்டை வழியாக ஏறிக் காதுக்குப் பின்னால் வந்து நின்று மூச்சு விடும். மீசை கழுத்தில் படும்போது வரும் கூச்சத்துக்கு எட்டு வயதுப் பையன் சுருண்டு விழுந்து சிரிப்பான். ஒரு பொரியை இரண்டு கையாலும் பிடித்து, நாம் சோளக்கதிரைத் திருப்புவது மாதிரி திருப்பித் திருப்பிக் கொறிக்கும். கண் சிவப்பாக இருப்பது நிறமி இல்லாததால். உள்ளே ஓடும் ரத்தம் தெரிகிறது. அதனாலேயே பார்வையும் மட்டு. அகநானூற்றில் ஒரு வெள்ளெலி உண்டு, அதன் கண்ணைக் குன்றிமணிக்கு ஒப்பிட்டிருப்பார் புலவர். அது காட்டில் திரிகிற எலி, வேறு ஜாதி. ஆனாலும் அக்கா பிற்காலத்தில் அதைப் படித்தபோது சர்க்கரையைத்தான் நினைத்துக்கொண்டாள்.

நாற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். மரத்தூளை இரண்டு நாள் மாற்றாவிட்டால் கூடத்தில் உட்கார முடியாது. ஆண் எலியின் மூத்திர வாடை தனி. அதை மாற்றுகிற முறை யாருடையது என்பதில் அக்காவுக்கும் தம்பிக்கும் நடக்காத சண்டை இல்லை.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் மரத்தூளுக்கு அடியில் ஏதோ நெளிந்தது. எட்டுக் குட்டிகள். மயிர் இல்லை, கண் திறக்கவில்லை, ரோஜா நிறத்தில் ஒவ்வொன்றும் ஒரு சுண்டு விரல் நுனி அளவு. தோல் அவ்வளவு மெல்லிசு. குடித்த பால் வயிற்றில் வெள்ளையாகத் தெரிந்தது. தொந்தரவு செய்தால் தாயே குட்டியைத் தின்றுவிடும் என்று யாரோ சொல்லியிருந்ததால், இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு கூண்டுக்கு இரண்டடி தள்ளித் தரையில் படுத்தபடி பார்த்தார்கள். நாலைந்து நாளில் பூஞ்சை மாதிரி மயிர் வந்தது. இரண்டு வாரத்தில் கண் திறந்தது. பள்ளிக்கூடத்தில் அந்த மாதம் என்ன பாடம் நடந்தது என்று இரண்டு பேரையும் கேட்டால் சொல்லத் தெரியாது.

அப்புறம்தான் கணக்கு உறைத்தது. எலிக்குக் கர்ப்பம் இருபது நாள். குட்டி போட்ட மறுநாளே அடுத்த கர்ப்பம் தரிக்க முடியும். பெண் குட்டி ஆறு வாரத்தில் தாயாகத் தயார். தம்பி ரஃப் நோட்டில் பெருக்கிப் பார்த்து, ஒரு வருடத்தில் அயனாவரம் போதாது என்று அறிவித்தான். ஜூலை முடிவதற்குள் கூண்டில் பத்தொன்பது. நண்பர்களுக்குத் தானம் ஆரம்பித்தது. ஒரு ஜோடிக்கு ஒரு பம்பரம், ஒற்றை எலிக்கு இருபது தீப்பெட்டிப் படம் என்று தம்பி விலை வைத்தான். மறுநாள் காலையில் அந்தந்தப் பையனின் அம்மா எலியோடு வாசலில் நின்றாள். பம்பரத்தையும் திருப்பிக் கேட்டார்கள்.

கடைசியில் அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினேழு எலிகளை அட்டைப்பெட்டியில் போட்டு மூர் மார்க்கெட்டுக்கே எடுத்துப் போனார். அக்கா கூடப் போனாள். கடைக்காரர் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. ஒன்றுக்கு நாலணா கொடுத்தார்.

“இதெல்லாம் யாரு வாங்குவாங்க?” என்று அக்கா கேட்டாள்.

“காலேஜுக்குப் போவும்மா.”

எலி காலேஜில் என்ன படிக்கும் என்று அவள் கேட்கவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் அந்த நாலே கால் ரூபாயைச் சட்டைப் பையில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார். சென்ட்ரல் வாசலில் பிச்சைக்காரர் ஒருவரிடம் மொத்தத்தையும் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து கூண்டின் நடுவில் ஒரு பலகையை வைத்துத் தடுத்தார். சர்க்கரை ஒரு பக்கம், உப்பு ஒரு பக்கம். “நாம் இருவர், நமக்கு இருவர் போதும்” என்றார். அம்மா முதல் தடவையாகச் சிரித்தாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு ராத்திரி, கூண்டுக் கதவின் கொக்கி போடப்படவில்லை. போடாதவன் தம்பி. அதை அவன் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. விடியற்காலையில் எழுந்து பார்த்தால், சர்க்கரை இருந்த பக்கம் காலி.

இரண்டு பேரும் ஒரே ஓட்டமாக ஓடியது சமையலறைக்கு. முந்தின ராத்திரி அம்மா வழக்கம்போலப் பொறி வைத்திருந்தாள். கதவு விழுந்திருந்தது. தம்பிக்கு அருகில் போகத் தைரியம் வரவில்லை. அக்காதான் குனிந்து வலை வழியாகப் பார்த்தாள். இருட்டில் இரண்டு கண்கள் மின்னின. சிமினி விளக்கை எடுத்து வந்து காட்டினாள். சாம்பல் நிறம்.

“அப்பாடா, நம்மது இல்ல” என்றாள்.

அதற்குள் எழுந்து வந்திருந்த அம்மா இதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை. பொறியைத் தூக்கிக் கிணற்றடிக்குக் கொண்டுபோனாள். அன்றைக்கு மட்டும் கொஞ்சம் நேரமானது.

மறுநாள் ராத்திரி பொறி வைக்கப்படவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. “வெள்ளை போய் மாட்டிக்கிட்டா உங்க ரெண்டு பேரையும் யாரு சமாளிக்கிறது?” என்றாள் அம்மா. பொறி பரணுக்குப் போனது. அதற்குப் பதிலாக அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒரு கொட்டாங்கச்சியில் தினம் ராத்திரி ஒரு பிடி பொரி. காலையில் காலியாக இருக்கும். யார் தின்றது என்று யாருக்குத் தெரியும்?

தின்றவர்கள் ஊருக்கும் சொல்லிவிட்டார்கள் போல. கார்த்திகை வருவதற்குள் வீடு அவர்கள் கைக்குப் போய்விட்டது. மூட்டையில் மூன்று ஓட்டை. ரேஷன் கார்டின் ஒரு மூலை காணோம். பாட்டியின் கல்யாணப் பட்டுப்புடவையில் முந்தானைப் பக்கம் ஜரிகையோடு ஒரு சாண் போயிற்று. பாட்டி அழுதாள், ஆனால் பொறியை எடு என்று அவளும் சொல்லவில்லை. பக்கத்துக் குடித்தனங்களில் பேச்சு எழுந்தது. எலிக்குப் படையல் போடுகிற வீடு என்றார்கள். வீட்டுக்காரம்மா வந்து, “என்னம்மா, வாடகை குடுக்கிறவங்களா சேத்துக்கலாமா அதுங்களை?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

சர்க்கரை இரண்டு முறை கண்ணில் பட்டது. ஒரு தடவை கரண்ட் போன இரவில், உத்திரத்தின் மேல் வெள்ளையாக ஒரு கோடு. இன்னொரு தடவை மார்கழி அதிகாலையில், கோலம் போடப் போன அம்மாதான் பார்த்தாள். கிணற்றடித் துவைக்கும் கல்லுக்குக் கீழே, ஒரு சாம்பல் எலியோடு நின்றதாம். கூப்பிட்டாளாம். “பேர் சொல்லியா கூப்பிட்டே?” என்று தம்பி கேட்டான். அம்மா பதில் சொல்லாமல் அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டாள். அதோடு சரி. அப்புறம் அது யார் கண்ணிலும் படவில்லை.

பொங்கல் கழிந்தது. போகிக்கு வீட்டை ஒழித்தபோது அரைப்படி எலிப்புழுக்கை வந்தது. இனி முடியாது என்று அம்மா பரணிலிருந்து பொறியை இறக்கினாள். முதல் நாளே ஒன்று விழுந்தது. சாம்பல். அடுத்த நாளும் சாம்பல். தம்பி ஒவ்வொரு விடியலிலும் வலை வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, “நம்மது இல்ல” என்று குரல் கொடுப்பான்.

ஒரு மாற்றம் மட்டும் இருந்தது. கிணற்றடி வாளி காணாமல்போயிருந்தது. அதில் மண் போட்டு வீட்டுக்காரம்மா துளசி வைத்திருந்தாள். விழுந்த எலியைப் பொறியோடு அப்பாவின் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டிவிடுவாள் அம்மா. அவர் வேலைக்குப் போகும் வழியில் ரயில்வே லைனை ஒட்டிய புதர்க்காட்டில் திறந்துவிட்டு, சாயங்காலம் காலிப் பொறியோடு வருவார். அங்கே காக்கையும் நாயும் காத்திருக்கும் என்பது வேறு விஷயம். பாட்டி ஏதாவது வாகனம், பாவம் என்று சொல்லியிருப்பாள் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டார்கள்.

1985 மே 30-ம் தேதி மூர் மார்க்கெட் எரிந்தது. அப்பா மறுநாள் சாயங்காலம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். புத்தகக் கடைகளைப் பற்றிக் கொஞ்சம் சொன்னார். “அந்த முயல், புறா, எலியெல்லாம்?” என்று தம்பி கேட்டதற்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. அன்று ராத்திரி உப்புவின் கூண்டுக்குப் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அந்த இடத்தில் இப்போது புறநகர் ரயில் நிலையம் இருக்கிறது. பெயரில் மட்டும் மூர் மார்க்கெட் மிச்சம்.

உப்பு அந்த வருடம் கார்த்திகை வரை இருந்தது. வெள்ளை எலிக்கு ஒன்றரை, இரண்டு வருடம்தான் ஆயுள். கடைசி நாட்களில் பொரியைக் கொறிக்க முடியாமல் போனபோது அம்மா அதைப் பாலில் ஊறவைத்துக் கொடுத்தாள். முருங்கை மரத்தடியில் குழி தோண்டினார்கள். தம்பி பிடிவாதமாக ஒரு தேக்கரண்டி உப்பைத் தூவினான்.

1986 கோடை விடுமுறையில் நான்காவது போர்ஷன் அத்தை ஒரு நாள் மத்தியானம் முறத்தை ஏந்திக்கொண்டு வந்தாள். “உங்க வீட்டு எலிதானே இது? எங்க பொறியில விழுந்து கிடந்தது.” முறத்தில் வெள்ளையாக ஒன்று, அசைவில்லாமல். சிவப்புக் கண் பாதி மூடியிருந்தது. தம்பி வாய்விட்டு அழுதான். ஒன்றரை வருடம் தனியாக வாழ்ந்து, வீடு திரும்புகிற வழியில் இரண்டு கதவு தப்பிப்போய்விட்டது என்று அவனே ஒரு கதை கட்டினான். சர்க்கரை இதைவிடப் பெரிசாச்சே என்று அக்காவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. “பட்டினியில இளைச்சிருக்கும்” என்றான் தம்பி. உப்புக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள்.

கதை அங்கே முடிந்துவிட்டதாகத்தான் இரண்டு பேரும் நினைத்திருந்தார்கள்.

1991-ல் அக்கா பிளஸ் டூ. உயிரியல் பாடத்தில் மெண்டலின் பட்டாணிச் செடி வந்தது. நெட்டைச் செடியையும் குட்டைச் செடியையும் கலந்தால் முதல் தலைமுறை முழுக்க நெட்டை. அந்தத் தலைமுறைக்குள் கலந்தால் அடுத்ததில் மூன்றுக்கு ஒன்று குட்டை. ஒளிந்திருந்த குணம் பேரப்பிள்ளையிடம் தலைகாட்டும். பட்டாணிக்குச் சொன்னது பிராணிக்கும் பொருந்துமா என்பதை 1902-ல் லூசியன் கெனோ என்ற பிரெஞ்சுக்காரர் சோதித்துப் பார்த்தார். அவர் எடுத்துக்கொண்டது எலிகளைத்தான். சாம்பல் எலியையும் வெள்ளை எலியையும் சேர்த்தார். பிறந்ததெல்லாம் சாம்பல். அந்தச் சாம்பல்களுக்குள் சேர்த்தார். நாலில் ஒரு பங்கு வெள்ளை.

கடையில் விற்கும் வெள்ளை எலியும் உத்திரத்தில் ஓடும் சுண்டெலியும் ஒரே இனம் என்பதையும் வகுப்பில் டீச்சர் சொன்னார். நிறத்தைத் தவிரப் பெரிய வித்தியாசம் இல்லையாம்.

அன்று வீட்டுக்கு வந்த அக்கா புத்தகப் பையைக்கூட இறக்காமல் நோட்டை எடுத்தாள். நாலு கட்டம் போட்டாள். சர்க்கரை ஓடிப்போனது ஐப்பசி. துவைக்கும் கல்லடியில் அம்மா பார்த்தபோது பக்கத்தில் ஒரு சாம்பல் எலி. கர்ப்பம் இருபது நாள், வளர ஆறு வாரம். தை மாதம் பொறியில் விழ ஆரம்பித்தவை யார்? 1986-ல் முறத்தில் வந்தது சர்க்கரையாக இருக்கவே முடியாது. அதற்கு அப்போது இரண்டு வயது தாண்டியிருக்க வேண்டும், வீட்டுக்கு வெளியே அத்தனை நாள் எந்த எலியும் தாங்காது. முறத்தில் கிடந்தது இளங்குட்டி. சர்க்கரையின் பேரனோ, கொள்ளுப்பேத்தியோ. அப்படி ஒரு வெள்ளை பிறக்க வேண்டுமென்றால் அதன் தாய் தகப்பன் இரண்டுமே வெள்ளையை உள்ளே ஒளித்துவைத்த சாம்பல் எலிகளாக இருந்திருக்க வேண்டும். விடிந்தும் விடியாமலும் தம்பி வலை வழியாகப் பார்த்து “நம்மது இல்ல” என்று சொன்னானே, அவற்றில் எத்தனை ‘நம்மது’?

அம்மா கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அக்கா நோட்டோடு போய் எதிரில் உட்கார்ந்து, கட்டங்களைக் காட்டி, மெண்டலில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது குரல் கொஞ்சம் உடைந்தது. அம்மா அரிவாள்மணையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இதுக்கு ஒரு வெள்ளைக்காரன் வந்து சொல்லணுமா?”

“என்னம்மா?”

“உங்கப்பா எலுமிச்சம்பழ நிறம். நீ என்னைக் கொண்டு பொறந்தே. பொறக்கலையா? அப்பன் வெள்ளைன்னா புள்ள வெள்ளையாத்தான் வரணும்னு எங்க எழுதியிருக்கு?” ஒரு காயை நரம்பு உரித்துப் போட்டாள். “நீ பொறந்தப்ப ஆஸ்பத்திரிக்கு வந்த உங்க அத்தை, இது நம்ம வீட்டுக் குழந்தை மாதிரியே இல்லியேன்னுச்சு. நம்மது இல்ல, நம்மது இல்லன்னு இவன் தெனம் காலையில கத்தும்போதெல்லாம் எனக்கு அதான் ஞாபகம் வரும்.”

அக்காவுக்குப் பேச்சு வரவில்லை.

“அந்தக் கல்லுகிட்ட ரெண்டும் ஜோடியா நின்னுச்சே, அன்னைக்கே தெரியும். இனிமே எது விழுந்தாலும் எதோட புள்ளைன்னு நான் எப்படிக் கண்டேன்? அதான் வாளியை அந்தம்மா கேட்டப்ப, எடுத்துக்கோங்கன்னு குடுத்துட்டேன்.”

அம்மா நறுக்கிய காயை அலசப் போனாள். பாட்டி சொல்லியிருப்பாள் என்று நினைத்ததைப் பற்றி அக்கா எதுவும் கேட்கவில்லை. பாட்டி போய் அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது.

இப்போது அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. தம்பி வீட்டில், நாலாவது மாடியில் இருக்கிறாள். அங்கே எலியும் கிடையாது, பரணும் கிடையாது. பேத்தி ஆசைப்பட்டாள் என்று தம்பி ஒரு ஹாம்ஸ்டர் வாங்கிக் கொடுத்திருக்கிறான். சக்கரம், சறுக்கு மரம், உறங்கத் தனி அறை என்று அதன் கூண்டு அயனாவரத்து போர்ஷனைவிட வசதி. தனியாகத்தான் வைக்க வேண்டும், ஜோடி சேர்த்தால் சண்டை போட்டுக்கொல்லும் என்று கடையில் சொன்னார்களாம். அதற்கென்று பாக்கெட்டில் வரும் தீனியை அம்மா நம்புவதில்லை. ஆயுத பூஜைப் பொரியில் ஒரு பிடி எடுத்து டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள். யாரும் பார்க்காதபோது கம்பி வழியாக ஒவ்வொன்றாக நீட்டுவாள். கூண்டுக் கதவின் கொக்கியைப் படுக்கப் போகும் முன் தானே ஒரு தடவை தொட்டுப் பார்ப்பாள். தம்பி மேல் அவளுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

1991-ல் அந்த அவரைக்காய் சாயங்காலத்துக்கு மறுநாள் காலை, பொறியில் ஒன்று விழுந்திருந்தது. அப்பாவுக்குக் காய்ச்சல், வேலைக்குப் போகவில்லை. “நீ கொண்டுபோய் விட்டுட்டு வந்துடு” என்றாள் அம்மா. அக்கா பொறியை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு ரயில்வே லைன் பக்கம் நடந்தாள். கொஞ்சம் தள்ளி ஒரு நாய் படுத்திருந்தது. கல்லை எடுத்து ஓங்கி அதைத் துரத்தினாள். மின்கம்பத்துக் காக்கைகள் பறந்துபோகும்வரை நின்றாள். பிறகு புதரின் ஓரத்தில் உட்கார்ந்து பொறியின் கதவைத் தூக்கிப் பிடித்தாள். எலி உடனே வெளியே வரவில்லை. வாசலில் நின்று, பின்னங்காலில் எழும்பி, மூக்கை ஆட்டியது. சாம்பல் நிறம், கறுப்புக் கண். பிறகு புல்லுக்குள் ஒரே ஓட்டம்.